டேட்டாபேஸ் தளத்துக்கு வெப் சர்வர் தேர்ந்தெடுப்பது எப்படி? பின்னாலிருந்து தொடங்குங்கள்

பயனர் ஒருவர் பிரௌசரைத் திறந்து ஒரு டேபிளை உருவாக்குகிறார். ஃபீல்டுகளைச் சேர்க்கிறார், குவரி எழுதி ஓட்டிப் பார்க்கிறார், வந்த முடிவை சி.எஸ்.வி. கோப்பாக இறக்கிக்கொள்கிறார். இன்னொருவர் தன் டேபிள்களுக்கு மேல் ஒரு ஏ.பி.ஐ. அமைத்து அதைத் தன் மொபைல் செயலியோடு இணைத்திருக்கிறார். அங்கிருந்து கோரிக்கைகள் வந்துகொண்டே இருக்கின்றன. இப்படி டேட்டாபேஸை வடிவமைக்கவும் அதன்மேல் செயலி கட்டவும் இடம் தரும் தளம் ஒன்றை முதன்முறையாக உருவாக்குபவர்களுக்கான வழிகாட்டி இது.

புதிதாக வருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது "என்ஜின்எக்ஸா அப்பாச்சியா? நோடா ஜாவாவா?" என்றுதான். முதல் இரண்டும் வெப் சர்வர்கள், அடுத்த இரண்டும் செயலியை எழுதி ஓட்டுபவை. அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். செய்தித்தளத்தில் ஒரே பக்கத்தை ஆயிரம் பேர் படிப்பார்கள். ஒருமுறை தயாரித்துக் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்துவிட்டால் போதும், வெப் சர்வரின் வேகம்தான் தளத்தின் வேகம். டேட்டாபேஸ் தளத்தில் ஒவ்வொருவரும் பார்ப்பது அவரவர் தரவை. கிட்டத்தட்ட ஒவ்வொரு கிளிக்கும் ஒரு குவரியாகப் போய் டேட்டாபேஸின் தலையில் இறங்குகிறது. அதனால் பின்னால் இருக்கும் டேட்டாபேஸ் ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகளைத் தாங்கும் என்பதே தளத்தின் எல்லையைத் தீர்மானிக்கிறது. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு முன்பக்கத்துக்கு நடந்து வந்தால், பாதித் தேர்வுகள் தாமாகவே கழன்றுவிடும்.

படி 1: கோரிக்கைகளை வகை பிரியுங்கள்

ஒரு தாளை எடுத்து, உங்கள் தளத்துக்கு என்னென்ன வகைக் கோரிக்கைகள் வரும் என்று எழுதுங்கள். பெரும்பாலும் நான்கு வகை தேறும்.

டேபிள் பட்டியலைக் காட்டுவது, ஒரு கட்டத்தில் மதிப்பை மாற்றுவது போன்றவை சில மில்லிசெகண்டில் முடிந்துவிடும். பயனரே எழுதி ஓட்டும் குவரி எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இன்டெக்ஸ் இல்லாத பெரிய டேபிள்கள் இரண்டை ஜாயின் செய்துவிட்டு அவர் காத்திருப்பார். மூன்றாவது, பெரிய கோப்புகளை ஏற்றுவதும் இறக்குவதும். நான்காவது, ஒருமுறை திறந்தால் மணிக்கணக்கில் திறந்தே இருக்கும் வெப்சாக்கெட் போன்ற இணைப்புகள். ஒரே டேபிளை இரண்டு பேர் சேர்ந்து திருத்தும் வசதி இருந்தால் இவை இல்லாமல் முடியாது.

ஒவ்வொரு வகைக்கும் எதிரே மூன்று விவரங்களைக் குறியுங்கள்: செகண்டுக்கு எத்தனை வரும், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் எடுக்கும், அந்த நேரம் முழுக்க ஒரு டேட்டாபேஸ் இணைப்பைப் பிடித்துவைத்திருக்குமா. படங்கள், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் போன்ற நிலையான சமாச்சாரங்களை சி.டி.என். (கோப்புகளைப் பயனருக்கு அருகிலிருந்தே தரும் சர்வர்களின் வலையமைப்பு) பக்கம் தள்ளிவிட்டு மறந்துவிடலாம்.

படி 2: கணக்குப் போடுங்கள்

ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த எளிய விதி ஒன்று இங்கே கைகொடுக்கும். செகண்டுக்கு வரும் கோரிக்கைகளின் எண்ணிக்கையை, ஒவ்வொன்றும் எடுக்கும் சராசரி நேரத்தால் பெருக்கினால், எந்தக் கணத்திலும் உள்ளே இருக்கும் கோரிக்கைகளின் சராசரி எண்ணிக்கை கிடைக்கும்.

செகண்டுக்கு 200 சின்னக் கோரிக்கைகள், ஒவ்வொன்றும் 20 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். 200-ஐ 0.02-ஆல் பெருக்கினால் 4. ஆக, சராசரியாக நான்கு இணைப்புகளே போதும். இப்போது பயனர்களின் சொந்தக் குவரிகளைப் பாருங்கள். செகண்டுக்கு இரண்டே இரண்டு, ஒவ்வொன்றும் 30 செகண்ட். பெருக்கினால் 60. எண்ணிக்கையில் நூறில் ஒரு பங்குதான், ஆனால் இணைப்புகளை விழுங்குவதில் பதினைந்து மடங்கு. "எங்கள் வெப் சர்வர் செகண்டுக்கு இத்தனை லட்சம் கோரிக்கைகளைத் தாங்கும்" என்கிற ஒப்பீட்டுப் பட்டியல்கள் நம் வேலைக்கு ஏன் அதிகம் உதவுவதில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல் இயல்பாக அனுமதிப்பது 100 இணைப்புகள். அதிலும் 3 சூப்பர்யூசருக்கென்று ஒதுக்கப்பட்டவை. மைஎஸ்க்யூஎல்லில் இயல்பு எண் 151. எண்ணைக் கூட்டிக்கொண்டால் போச்சு என்று தோன்றும். ஆனால் போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் தனி ஒரு பிராசஸைத் தொடங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி மெமரி வேண்டும், போதாததற்கு தரவை வரிசைப்படுத்தும்போதெல்லாம் கூடுதலாகவும் எடுத்துக்கொள்ளும். எட்டு கோர் உள்ள இயந்திரத்தில் ஆயிரம் பிராசஸ்கள் ஒரே நேரத்தில் வேலை கேட்டால் எல்லாமே சேர்ந்து மெதுவாகும்.

முன்பக்கம் திணறுகிறது என்று வெப் சர்வர்களை அதிகப்படுத்தும்போது என்ன ஆகிறது? ஒவ்வொரு சர்வரும் 20 டேட்டாபேஸ் இணைப்புகளின் தொகுப்பை, அதாவது பூலை, தயாராக வைத்திருக்கிறது. மூன்று சர்வர் இருந்தவரை 60. கூட்டத்தைச் சமாளிக்க, சர்வர்களைத் தானாகக் கூட்டும் ஆட்டோஸ்கேலிங் அவற்றைப் பத்தாக்குகிறது. 200 இணைப்புகள் கேட்டு நிற்கின்றன. போஸ்ட்கிரெஸ் "ஸாரி, டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி" என்று கதவைச் சாத்துகிறது. தளத்தைக் காப்பாற்றச் சேர்த்த சர்வர்களே தளத்தைப் படுக்கவைத்துவிடுகின்றன.

படி 3: நடுவில் ஒரு பூலர்

அதனால் வெப் சர்வரைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, வெப் அடுக்குக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் இணைப்புகளைப் பங்கிட்டுத் தரும் பூலரை முடிவு செய்யுங்கள். போஸ்ட்கிரெஸுக்கு அதிகம் புழங்குவது பிஜிபவுன்சர். ஆயிரக்கணக்கான இணைப்புகளை முன்னால் வாங்கிக்கொண்டு, பின்னால் சில பத்து இணைப்புகளிலேயே எல்லாவற்றையும் ஓட்டும். இதை முக்கியமாக இரண்டு முறைகளில் பயன்படுத்துவார்கள். செஷன் முறையில், கிளையன்ட் விலகும்வரை ஒரு டேட்டாபேஸ் இணைப்பு அவருக்கே சொந்தம். டிரான்சாக்‌ஷன் முறையில், ஒரு டிரான்சாக்‌ஷன் (சேர்ந்தே முடிய வேண்டிய கட்டளைகளின் தொகுப்பு) முடிந்ததுமே அந்த இணைப்பு அடுத்தவருக்குப் போய்விடும். ஒவ்வொரு ஸ்டேட்மென்டுக்கும் இணைப்பை மாற்றும் மூன்றாவது முறையும் உண்டு, நமக்கு அது தேவைப்படாது.

சிக்கனம் டிரான்சாக்‌ஷன் முறையில்தான். ஆனால் அதில் செஷனை நம்பி இயங்கும் வசதிகள் உடைந்துபோகும்: செட் கட்டளையால் வைத்த அமைப்புகள், லிசன் வழியாக அறிவிப்புக் கேட்பது, செஷன் அளவிலான அட்வைசரி லாக் (செயலி தானே போட்டுக்கொள்ளும் பூட்டு), டிரான்சாக்‌ஷனைத் தாண்டி வாழ வேண்டிய தற்காலிக டேபிள்கள். சாதாரணச் செயலியில் இவற்றைத் தவிர்த்துவிடலாம். நம் தளத்தில் முடியாது. ஏனென்றால் எஸ்.க்யூ.எல். எடிட்டரில் பயனர் பிகின் என்று எழுதி ஒரு டிரான்சாக்‌ஷனைத் தொடங்குவார், இரண்டு நிமிடம் யோசிப்பார், அப்புறம் ஒரு அப்டேட், அப்புறம் அதை முடித்துவைக்கும் கமிட். அவரைப் பொறுத்தவரை அது ஒரே தொடர்ச்சி.

இதற்கு நான் பரிந்துரைப்பது இரண்டு தனிப் பூல்கள். தளத்தின் சொந்த வேலைகளுக்கும் ஏ.பி.ஐ. கோரிக்கைகளுக்கும் டிரான்சாக்‌ஷன் முறையில் ஒன்று. எடிட்டருக்கு மட்டும் செஷன் முறையில் இன்னொன்று. அதற்கு ஒரு பயனருக்கு இத்தனை இணைப்புகள்தான் என்ற வரம்போடு, சும்மா கிடக்கும் டிரான்சாக்‌ஷனை மூடிவிடும் கால எல்லையும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால், எடிட்டரைத் திறந்துவிட்டு எழுந்துபோன இருபது பேர் மற்ற எல்லாருடைய ஏ.பி.ஐ.யையும் நிறுத்திவிடுவார்கள்.

இதில் பாதுகாப்பு சம்பந்தமாக ஒன்று. எந்தப் பயனருடைய கோரிக்கை என்பதை செட் கட்டளையால் குறித்துவைத்து, அதைக் கொண்டு டேபிளின் எந்த வரிசையை யார் பார்க்கலாம் என்ற அனுமதிகளை இயக்குபவர்கள் நிறைய. டிரான்சாக்‌ஷன் முறைப் பூலில் அந்தக் குறிப்பு இணைப்போடு ஒட்டிக்கொண்டு அடுத்த பயனருக்குப் போய்ச் சேரலாம். ஒருவருடைய தரவு இன்னொருவர் திரையில் தெரிவதற்கு அது போதும். செட் லோக்கல் என்று, டிரான்சாக்‌ஷனுக்குள்ளேயே வைத்து முடியுங்கள்.

படி 4: நீண்ட குவரியை வெப் கோரிக்கையிலிருந்து பிரித்தெடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

பயனர் ரன் பட்டனை அழுத்தியதும் வெப் சர்வர் அந்தக் குவரியைத் தானே ஓட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அதை ஒரு வேலைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, ஒரு வேலை எண்ணுடன் 202 (ஏற்றுக்கொண்டேன், வேலை பிறகு முடியும்) என்ற பதிலை உடனே அனுப்பிவிட வேண்டும். பின்னால் தனியாக ஓடும் ஒர்க்கர்கள் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டும். முடிந்ததும் பிரௌசருக்குத் தகவல் போகும். 12 ஒர்க்கர்கள் இருந்தால் நீண்ட குவரிகளுக்கு 12 இணைப்புகள்தான், எத்தனை பேர் வந்து அழுத்தினாலும். படி 2-இல் பயமுறுத்திய 60 இப்போது நீங்கள் தீர்மானிக்கும் ஒரு எண்ணாகிவிட்டது. பயனர் சற்று அதிகம் காத்திருக்க நேரும், உண்மைதான். வரிசையில் எத்தனையாவது இடம் என்று காட்டிவிட்டால் பெரும்பாலானோர் பொறுத்துக்கொள்வார்கள்.

பிகின், கமிட் என்று தொடர்ச்சியாக வேலை செய்யும் எடிட்டர் செஷன்களுக்கு மட்டும் இந்த முறை ஒத்துவராது. அவற்றைத் தனிச் சின்னச் சேவையாகப் பிரித்து, அது செஷன் பூலோடு பேசட்டும். திறந்த டிரான்சாக்‌ஷன் அந்தச் சேவையின் பிராசஸுக்குள்தான் வாழ்கிறது, ஆகவே அதை நினைத்தபோது ரீஸ்டார்ட் செய்ய முடியாது. மற்ற வெப் சர்வர்களைத் தாராளமாகச் செய்யலாம்.

பெரிய ஏற்றுமதிகளையும் இதே வழியில் கொண்டுபோங்கள். போஸ்ட்கிரெஸின் சி மொழி நூலகமான லிப்பிக்யூ, வேறு விதமாகச் சொல்லாதவரை முழு முடிவையும் மெமரியில் சேர்த்த பிறகே கொடுக்கும். பத்து லட்சம் வரிசைகளை ஒருவர் கேட்டால் சர்வரின் மெமரி நிரம்பிவிடும். கர்சர் அல்லது காப்பி கட்டளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். எடுத்ததை நேராகப் பயனருக்கு அனுப்புவதைவிட, முதலில் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் (கோப்புகளுக்கான தனிச் சேமிப்பகத்தில்) எழுதிவிட்டு, இறக்கிக்கொள்ளும் முகவரியைக் கொடுப்பது நல்லது. இல்லாவிட்டால் அவருடைய இன்டர்நெட் எவ்வளவு மெதுவோ, அவ்வளவு நேரம் உங்கள் டேட்டாபேஸ் இணைப்பு அவரிடம் சிக்கிக்கிடக்கும்.

படி 5: முன்வாசல்

இப்போது அந்த முதல் கேள்விக்கு, கோரிக்கையை முதலில் வாங்கும் முன்வாசல் எது என்பதற்கு, வரலாம். 1999-இல் டான் கெகல், ஒரே சர்வர் பத்தாயிரம் இணைப்புகளை எப்படித் தாங்கும் என்ற கேள்வியை எழுப்பினார். ஒரு இணைப்புக்கு ஒரு பிராசஸ் என்ற அப்பாச்சியின் பழைய முறை அதற்குப் போதவில்லை. ஒரே பிராசஸில் பல இணைப்புகளை, வேலை வரும்போது மட்டும் கவனித்து, நிகழ்வுகளை வைத்து இயங்கும் என்ஜின்எக்ஸை இகோர் சிசோயேவ் 2004-இல் வெளியிட்டார். பின்னர் அப்பாச்சியும் ஈவென்ட் முறைக்கு மாறிக்கொண்டது. எச்ஏபிராக்ஸி பல சர்வர்களுக்குப் பாரம் பங்கிடுவதில் பழுத்த அனுபவம் உள்ளது. கேடி என்ற வெப் சர்வர் எச்.டி.டி.பி.எஸ். சான்றிதழ்களைத் தானே வாங்கிப் புதுப்பித்துக்கொள்ளும். நம் அளவுக்கு இவற்றில் எதுவுமே தடையாக இருக்காது. உங்கள் குழுவுக்கு எது பழக்கமோ அதையே எடுங்கள், ஒரு வாரம் விவாதிக்க வேண்டாம்.

அந்த ஒரு வாரத்தை அமைப்புகளில் செலவிடுங்கள். என்ஜின்எக்ஸ், பின்னாலிருக்கும் சர்வரிடமிருந்து 60 செகண்ட் எதுவும் வராவிட்டால் 504 (நேரம் கடந்தது) என்ற பிழையைக் காட்டிவிடும். ஒரு மெகாபைட்டுக்கு மேல் கோப்பை ஏற்றினால் 413 (அளவு பெரிது). இரண்டுமே இயல்பு அமைப்புகள், இரண்டுமே டேட்டாபேஸ் தளத்தில் முதல் நாளே தட்டுப்படும். பதிலை முதலில் தன்னிடம் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரிங் வசதியும் இயல்பாகவே இயங்கும்; சர்வரிலிருந்து துளித்துளியாக வர வேண்டிய அறிவிப்புகள் அதனால் தேங்கி மொத்தமாக வரும். அந்தப் பாதைக்கு மட்டும் அதை அணைத்துவிடுங்கள். வெப்சாக்கெட்டுக்கு மாறச் சொல்லும் அப்கிரேட் ஹெடரைப் பின்னால் கடத்துகிறதா என்றும் பாருங்கள்.

டைம்அவுட்களின் வரிசை மிக முக்கியம். டேட்டாபேஸின் எல்லை குறைவாகவும், அடுத்து செயலியுடையது சற்றுக் கூடுதலாகவும், முன்வாசலுடையது எல்லாவற்றையும்விட அதிகமாகவும் இருக்க வேண்டும்: 50, 55, 60 என்பதுபோல. தலைகீழாக வைத்தால், முன்வாசல் கைவிட்ட பிறகும் குவரி டேட்டாபேஸில் ஓடிக்கொண்டே இருக்கும். பிழையைப் பார்த்த பயனர் மறுபடி அழுத்துவார். இப்போது அதே கனமான குவரி இரண்டு ஓடுகிறது. மூன்றாம் முறை அழுத்துவதற்கும் அவர் தயங்கமாட்டார்.

உயிரோட்டமான அறிவிப்புகளுக்கு எஸ்.எஸ்.இ. (திறந்த ஒரு இணைப்பில் சர்வர் தொடர்ந்து அறிவிப்பு அனுப்பும் முறை) பயன்படுத்துவதானால் எச்.டி.டி.பி. 2 கட்டாயம். பழைய 1.1-இல் பிரௌசர் ஒரு தளத்துக்கு ஆறு இணைப்புகளுக்கு மேல் திறப்பதில்லை. உங்கள் தளத்தைப் பிரௌசரின் ஏழு டேப்களில் திறந்து வைத்தவருக்கு ஏழாவது அசையாது. டேட்டாபேஸ் வேலை செய்பவர்கள் ஏழு டேப் திறப்பது சர்வசாதாரணம்.

படி 6: செயலியை ஓட்டும் மொழி

நோட் ஜேஎஸ் எல்லாக் கோரிக்கைகளையும் ஒரே ஈவென்ட் லூப்பில் மாறி மாறிக் கவனிக்கிறது. காத்திருக்கும் வேலைகளுக்கு அருமையானது, ஆனால் பெரிய சி.எஸ்.வி.யை அதே லூப்பில் வைத்துப் பிரித்தால் அந்தச் சில செகண்ட் எல்லாப் பயனர்களும் நிற்பார்கள். கோ மொழியின் கோரூட்டீன்கள் (ஒரே நேரத்தில் ஓடும் இலகுவான வேலைகள்) சில கிலோபைட் மெமரியிலேயே தொடங்கிவிடும். ஜாவாவில் 2023-இல் வந்த 21-ஆம் பதிப்பு இதேபோல் இலகுவான விர்ச்சுவல் திரெட்களைக் கொண்டுவந்ததால், வழக்கமான நடையில் எழுதிக்கொண்டே ஆயிரக்கணக்கில் காத்திருக்கவைக்கலாம். பைத்தானில் கன்னிகார்ன் என்ற சர்வரைப் பயன்படுத்துபவர்கள், தன் ஒர்க்கர் 30 செகண்ட் பதிலளிக்காவிட்டால் அது இயல்பாகவே கொன்றுவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் எதை எடுத்தாலும் ஒரு எச்சரிக்கை பொது. பத்தாயிரம் கோரூட்டீன்கள் மலிவு என்பதால் பத்தாயிரம் டேட்டாபேஸ் இணைப்புகள் மலிவாகிவிடாது. பூலுக்கு உச்ச வரம்பு வையுங்கள், இணைப்புக்காகக் காத்திருக்கவும் ஒரு கால எல்லை வையுங்கள். எல்லை கடந்தால் 503 (இப்போது முடியாது) சொல்லி அனுப்பிவிடுவது நேர்மையானது.

எழுதாமலே தப்பிக்கவும் வழி உண்டு. டேபிள்களை ரெஸ்ட் ஏ.பி.ஐ.யாகத் தருவதுதான் தேவை என்றால், போஸ்ட்கிரெஸ்ட் என்ற கருவி டேபிள்களின் அமைப்பைச் சொல்லும் ஸ்கீமாவைப் படித்து அதைத் தானே உருவாக்கித் தரும். ஆரக்கிள் அபெக்ஸ் (ஆரக்கிள் டேட்டாபேஸின் மேல் செயலி கட்டும் கருவி) பக்கம் இருப்பவர்களுக்கு நிலைமையே வேறு: பக்கங்கள் டேட்டாபேஸுக்குள்ளேயே தயாராகின்றன, ஓஆர்டிஎஸ் அவற்றை வெளியே எடுத்துத் தருகிறது. அதைத் தனியாகவும் ஓட்டலாம், டாம்கேட் அல்லது வெப்லாஜிக் என்ற ஜாவா சர்வரில் ஏற்றியும் ஓட்டலாம். அங்கே கவனம் முழுக்க ஓஆர்டிஎஸ்ஸின் பூல் அளவில் இருக்கட்டும்.

சர்வரை நாமே ஓட்டாமல், கோரிக்கை வரும்போது மட்டும் நிரலை ஓட்டும் சர்வர்லெஸ் பற்றியும் கேட்பீர்கள். அமேசானின் லாம்டா போன்றவற்றில் ஒவ்வொரு நகலும் தனக்கென ஒரு இணைப்பைத் திறக்கும், நகல்கள் நூற்றுக்கணக்கில் முளைக்கும். பூலர் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். டிரான்சாக்‌ஷனைத் திறந்தே வைத்திருக்க வேண்டிய எடிட்டருக்குச் சர்வர்லெஸ் பொருந்தாது.

படி 7: ஒருவர் எல்லாரையும் முடக்காமல்

உள்நுழைந்த பயனரின் செஷன் விவரங்களை வெப் சர்வரின் மெமரியில் வைக்காமல் ரெடிஸ் என்ற பொதுச் சேமிப்பிலோ கையொப்பமிட்ட டோக்கனிலோ வையுங்கள். எந்தச் சர்வர் விழுந்தாலும் பயனருக்குத் தெரியக் கூடாது. இது எல்லாத் தளத்துக்கும் பொது.

நம் தளத்துக்கென்றே உள்ள ஆபத்து வேறு. பயனர் தானே எஸ்.க்யூ.எல். எழுதுகிறார். ஒரு குவரி ஓடக்கூடிய நேர எல்லையான போஸ்ட்கிரெஸின் ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டை 50 செகண்ட் என்று நீங்கள் வைத்தாலும், அவர் தன் எடிட்டரிலேயே அதைச் சுழியமாக, அதாவது எல்லையே இல்லாததாக, மாற்றிவிடலாம். சாதாரணப் பயனருக்கும் அந்த உரிமை உண்டு. ஆகவே, இப்போது ஓடும் குவரிகளைக் காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியைப் பார்த்து, எல்லை மீறிய குவரிகளை ரத்து செய்யும் காவல் பிராசஸ் ஒன்று தனியாக ஓட வேண்டும். ரோல் (டேட்டாபேஸ் பயனர் கணக்கு) அளவில் வைக்கும் இணைப்பு வரம்பை மட்டும் சாதாரணப் பயனரால் மாற்ற முடியாது, அதைத் தவறாமல் வையுங்கள்.

படி 8: சோதனை

சுமைச் சோதனைக் கருவி கே6, லோகஸ்ட், ஜேமீட்டர் எதுவானாலும் சரி. ஒரே முகவரியைத் திரும்பத் திரும்ப அடிப்பது சோதனை ஆகாது. படி 1-இல் எழுதிய விகிதத்திலேயே நான்கு வகைகளையும் கலந்து அனுப்புங்கள். முந்தைய பதில் வந்த பிறகுதான் அடுத்ததை அனுப்புவேன் என்று காத்திருக்கும் அமைப்பு, சர்வர் திணறும்போது தானும் மெதுவாகி, முடிவை அழகாகக் காட்டிவிடும். நிலையான வேகத்தில் அனுப்பச் சொல்லுங்கள். சராசரியைப் பார்க்காமல் 99-ஆம் சதமானத்தைப் பாருங்கள், அதாவது நூறில் 99 கோரிக்கைகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்பதை.

சோதனை ஓடும்போது பிஜிபவுன்சரின் ஷோ பூல்ஸ் கட்டளையைத் திறந்து வையுங்கள். காத்திருக்கும் கிளையன்ட்களின் எண்ணிக்கை ஏறுகிறது, டேட்டாபேஸின் சி.பி.யு. சும்மா இருக்கிறது என்றால் பூல் சிறியது. அல்லது யாரோ இணைப்பைப் பிடித்துக்கொண்டு வேலையே செய்யாமல் இருக்கிறார். காத்திருப்பவர்களின் எண்ணிக்கை, சி.பி.யு. இரண்டுமே உச்சத்தில் என்றால் பூலைக் கூட்டினால் மோசமாகும். குவரியையும் இன்டெக்ஸையும் பாருங்கள். நடுவில் ஒரு வெப் சர்வரை வேண்டுமென்றே நிறுத்துங்கள். அதிலிருந்த வெப்சாக்கெட்கள் எல்லாம் ஒரே நொடியில் மறு இணைப்புக்கு ஓடிவருகின்றனவா? பிரௌசர் பக்க நிரலில் ஆளுக்கொரு தற்செயல் தாமதத்தைச் சேர்த்துவிடுங்கள்.

தொடங்குவதற்கு ஒரு முன்வாசல், இரண்டு செயலி சர்வர்கள், ஒரு பூலர், ஒரு போஸ்ட்கிரெஸ், சில ஒர்க்கர்கள் போதும். கூட்டம் ஏற ஏற முதலில் கூட்ட வேண்டியது பெரும்பாலும் ஒர்க்கர்களையும் டேட்டாபேஸ் இயந்திரத்தின் அளவையும்தான். படிப்பதற்கு மட்டுமான ரெப்ளிகாவை (டேட்டாபேஸின் நகலை) சேர்க்கும் நாள் வரும்போது, அறிக்கைகளையும் ஏற்றுமதிகளையும் அங்கே திருப்பிவிடுங்கள். எடிட்டரை மட்டும் எப்போதும் முதன்மை டேட்டாபேஸிலேயே வையுங்கள். ரெப்ளிகா சில கணங்கள் பின்தங்கித்தான் வரும், இப்போதுதான் சேர்த்த வரிசையைக் காணோம் என்று பயனர் மறுபடியும் சேர்த்துவிடுவார்.